சீனாவின் போக்குவரத்து ஹெலிகாப்டர்கள்: கூட்டுத் தயாரிப்பில் யார் கையில் எது இருக்கிறது?

வான்வழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் இத்துறையைச் சார்ந்தவன் அல்லன். படித்தவற்றை வைத்துக் கேட்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்.

ஹார்பினில் கட்டப்பட்ட இசட்-5, அதாவது சோவியத் எம்ஐ-4-இன் உரிமத் தயாரிப்பு, 1958 டிசம்பரில் முதன்முறையாகப் பறந்தது. அன்றிலிருந்து கணக்கிட்டால் சீனாவின் ஹெலிகாப்டர்த் தொழிலுக்கு அறுபது வயதுக்கு மேலாகிறது. இசட்-8, இசட்-20 என்று பெரிய, நடுத்தர வகைகளையெல்லாம் தாமே கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட நாடு, 2016 ஜூனில் ரஷ்யாவுடன் அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு கனரக ஹெலிகாப்டரை உருவாக்க ஏன் துணை தேடியது?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே ஹெலிகாப்டரை ஒரு கட்டுரை 'கூட்டுத் தயாரிப்பு' என்கிறது, மற்றொன்று 'நகல்' என்கிறது, மூன்றாவது 'உள்நாட்டுச் சாதனை' என்கிறது. உண்மையில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதை விளக்க முடியுமா?

சுழலி (பதில்):

நல்ல கேள்வி. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான விடை அதற்குள்ளேதான் இருக்கிறது.

நீங்கள் கண்ட மூன்று சொற்களும் வெவ்வேறு ஹெலிகாப்டர்களுக்குப் பொருந்தும், எழுதுபவர்கள்தான் கலந்துவிடுகிறார்கள். இசட்-8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் பிரான்சிடமிருந்து சூப்பர் ஃபிரெலோன் ஹெலிகாப்டர்களை வாங்கி, பிரித்துப் பார்த்து, அளந்து, வரைந்து, பீங்கானுக்குப் பேர் போன ஜிங்தெசென் நகரிலுள்ள சாங்ஹே ஆலையில் கட்டினார்கள். முதல் பறத்தல் 1985 டிசம்பரில். இதை நகல் என்று சொன்னால் தவறில்லை. ஆனால் டோஃபான் ஹெலிகாப்டருக்காக 1980-இல் பிரான்சுடன் செய்த ஏற்பாடு வேறு. அது முறையான உரிம ஒப்பந்தம். வரைபடங்களும் பயிற்சியும் சேர்ந்தே வந்தன, அதன் பயனாக ஹார்பினில் இசட்-9 உருவாயிற்று. நகலெடுப்பவனுக்கு ஒரு பாகத்தின் அளவு தெரியும், அந்த அளவு ஏன் வந்தது என்பது தெரியாது. உரிமம் பெற்றவனுக்கு அதில் பாதியாவது சொல்லித்தரப்படுகிறது. இசட்-8 பல ஆண்டுகள் சிறிய எண்ணிக்கையிலேயே கட்டப்பட்டதையும், இசட்-9 பல வடிவங்களாகக் கிளைத்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது வகை, பாகப் பங்காளியாக இருப்பது. அமெரிக்க சிகோர்ஸ்கியின் எஸ்-92 திட்டத்தில் ஜப்பான், ஸ்பெயின், பிரேசில், தைவான் ஆகியவற்றோடு சீனாவும் இடர்ப் பங்காளியாக, அதாவது செலவையும் நட்ட ஆபத்தையும் பகிர்ந்துகொள்ளும் பங்காளியாகச் சேர்ந்தது. ஜிங்தெசென்னுக்கு வந்த பங்கு வால் பகுதி. விமானி அறைப் பகுதி தைவானுக்குப் போயிற்று. (அரசியல் மேடையில் ஒரே மேசையில் உட்காராத இரு தரப்பும் ஒரே ஹெலிகாப்டரின் இரு முனைகளைச் செய்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும்.) இதே காலத்தில் ஐரோப்பிய ஹெலிகாப்டர் நிறுவனமான யூரோகாப்டர், சீனாவின் விமானத் தொழில் வணிக நிறுவனமான காட்டிக், சிங்கப்பூர் டெக்னாலஜீஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து இசி120 என்ற சிறிய ஹெலிகாப்டரை உருவாக்கின, அது 1995 ஜூனில் பறந்தது. அதில் சீனப் பங்கு 24 விழுக்காடு.

நான்காவதுதான் நீங்கள் கேட்கும் உண்மையான கூட்டு: 2005 டிசம்பரில் யூரோகாப்டரும் சீனாவும் ஆளுக்குப் பாதி முதலீட்டில் தொடங்கிய, ஏறத்தாழ 7.5 டன் எடையுள்ள, 16 பயணிகளை ஏற்றும் ஹெலிகாப்டர். பிரான்சில் இதன் பெயர் இசி175, பிற்பாடு எச்175. சீனாவில் இசட்-15, பிற்பாடு ஏசி352. உடற்கூடு ஹார்பினுடைய பொறுப்பு. எஞ்சினின் விசையைச் சுழலிக்கு ஏற்ற வேகத்துக்கு மாற்றித்தரும் பிரதான கியர்பாக்ஸும் மின்னணுக் கருவிகளும் ஐரோப்பியருடைய பொறுப்பு. பணம் பாதிக்குப் பாதிதான். ஆனாலும் ஹெலிகாப்டரின் உயிர்நாடி எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சு வடிவம் 2009 டிசம்பரில் பறந்துவிட்டது. சீன வடிவம் ஹார்பினில் பறந்ததோ 2016 டிசம்பரில். சீன விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வகைச் சான்று அதற்கு 2022 ஜூலையில்தான் கிடைத்தது.

நுனிவேகம் (பதில்):

சுழலி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அந்த ஏழு ஆண்டு இடைவெளியை வெறும் திறன் குறைவாகப் பார்ப்பது நியாயமாகாது. எச்175-இல் இருப்பது பிராட் அண்ட் விட்னி கனடாவின் எஞ்சின். ஏசி352-இல் அது இல்லை. பிரெஞ்சு சாஃப்ரானும் சீன எஞ்சின் நிறுவனங்களும் கூட்டாக உருவாக்கிய ஆர்டிடென் 3சி, சீனப் பெயரில் டபிள்யூஇசட்-16, பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த எஞ்சினுக்கான சீனச் சான்று 2019 அக்டோபரில்தான் வந்தது. எஞ்சினையும் உடன் வளர்த்துக்கொண்டு ஹெலிகாப்டரைப் பறக்கவிடுவது என்றால் தாமதம் வரத்தான் செய்யும்.

கையில் ஓர் எஞ்சின் இருக்க வேறொன்றை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்டால், பழைய வடுக்களைப் பார்க்க வேண்டும். 1984-இல் சீனா அமெரிக்காவிடம் 24 எஸ்-70சி ஹெலிகாப்டர்களை வாங்கியது. உயர்ந்த பீடபூமிகளில் அவை நன்றாக உழைத்தன. 1989 தியானன்மென் ஒடுக்குமுறைக்குப் பிறகு அமெரிக்கத் தடைகள் வந்தன, உதிரி பாகங்கள் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. இது ஒருபுறம். மறுபுறம், பொதுப் போக்குவரத்து ஹெலிகாப்டர் என்று சொல்லிப் பெறப்பட்ட கனடா எஞ்சின்கள் இசட்-10 என்ற தாக்குதல் ஹெலிகாப்டரின் வளர்ச்சிக்குப் பயன்பட்டதாக வழக்கு எழுந்தது. 2012 ஜூனில் பிராட் அண்ட் விட்னி கனடா, எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாக ஏற்றுமதி செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதன் தாய் நிறுவனம் உட்பட 7.5 கோடி டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. ஆகவே இரு தரப்பும் ஒன்றையொன்று முழுதாக நம்பாமல்தான் கூட்டு வைக்கின்றன. இசட்-8-இன் பொதுப் பயன்பாட்டு வழித்தோன்றலாக 2010 மார்ச்சில் கனடா எஞ்சின்களோடு பறந்த ஏசி313-க்கு, 2022 மே மாதம் உள்நாட்டு எஞ்சின்களோடு ஏசி313ஏ என்ற வாரிசு வந்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

பல்சக்கரம் (பதில்):

நான் இருபது ஆண்டுகள் ஹெலிகாப்டர்ப் பராமரிப்புக் கூடத்தில், அதிலும் கியர்பாக்ஸ் மேசையில், வேலை பார்த்தவன். முதல் கேள்விக்கு அந்த மேசையிலிருந்து விடை சொல்லிப் பார்க்கிறேன்.

ஹெலிகாப்டர் பெரிதாகப் பெரிதாக இறக்கை நீளும். நீண்ட இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கக் கூடாது என்பதால் சுழற்சியைக் குறைத்தே ஆக வேண்டும். ரஷ்யாவின் மாபெரும் போக்குவரத்து ஹெலிகாப்டரான எம்ஐ-26-இன் சுழலி 32 மீட்டர் குறுக்களவு கொண்டது. நிமிடத்துக்கு 132 சுற்றுதான் சுற்றுகிறது. அப்போதே நுனி நொடிக்கு 220 மீட்டர் வேகத்தில் போகிறது. கீழே இருப்பவை ஒவ்வொன்றும் சுமார் 11,400 குதிரைத்திறன் தரும் இரண்டு டி-136 எஞ்சின்கள். அவ்வளவு ஆற்றலை இவ்வளவு மெதுவான சுழற்சியாக மாற்றினால் முறுக்குவிசை மலைபோல் ஏறிவிடும். அந்த முறுக்கு முழுவதையும் தாங்குவது பிரதான கியர்பாக்ஸ் ஒன்றே. எம்ஐ-26-இல் அதன் எடை மட்டும் 3.5 டன்னுக்கு மேல். நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும், பொதுவாகக் காணும் கோள் அமைப்பை விட்டுவிட்டு, விசையைப் பல பாதைகளில் பிரித்து அனுப்பும் அமைப்பை மில் வடிவமைப்பகம் அதற்காக உருவாக்கியது. எஞ்சின் ஒன்று நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு கரை சேரலாம். கியர்பாக்ஸ் நின்றால் மாற்று என்று எதுவும் இல்லை.

எங்கள் கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மசகு எண்ணெய்ப் பாதையில் ஒரு சிறு காந்தச் செருகி இருக்கும். குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, வெள்ளைத் துணியில் துடைத்து, உருப்பெருக்கியில் பார்ப்போம். வழக்கமாகச் சாம்பல் நிறப் பசைதான் ஒட்டியிருக்கும், அது தேய்மானம். ஒருநாள் அரிசி நொய்யளவில் பளபளக்கும் ஒரு செதில் இருந்தது. ஒரே ஒரு செதில்தான். அந்த ஹெலிகாப்டர் அன்றே தரையில் நிறுத்தப்பட்டது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பல்லின் முகத்தில் நகக்கண்ணளவு தோல் உரிந்திருந்தது. எஃகில் கலந்திருந்த மாசு, மேற்பரப்பைக் கடினமாக்கும் வெப்பப் பதம், பல்லைச் சாணை பிடிக்கும்போது ஏறும் சூடு, இவற்றில் எது காரணம் என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. இந்த அறிவு வரைபடத்தில் வராது. பாகத்தைப் பிரித்து அளந்தாலும் வராது. ஆயிரக்கணக்கான மணிநேரம் சோதனை மேடையில் ஓட்டி, உடைத்து, மீண்டும் செய்து பார்த்தவர்களிடம் மட்டுமே இருக்கும். 50 டன்னுக்கு மேற்பட்ட ஹெலிகாப்டருக்கு அந்த அனுபவம் ரஷ்யர்களிடம் இருக்கிறது. சீனர்கள் கட்டியவற்றுள் பெரியதான இசட்-8-இன் குடும்பமோ 13 டன் அளவில் நிற்கிறது.

தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2008 மே மாத சிச்சுவான் நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்து, தாங்ஜியாஷான் என்ற இடத்தில் ஓர் ஏரியே உருவாகிவிட்டது. அணை உடைந்தால் கீழே உள்ள ஊர்கள் தாங்கா. சாலைகள் அனைத்தும் புதைந்திருந்தன. கால்வாய் வெட்டுவதற்கான மண்வாரி இயந்திரங்களை எம்ஐ-26-இல் கட்டித் தொங்கவிட்டுத்தான் அங்கே இறக்கினார்கள். அந்தச் சுமையைத் தூக்க அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு எதுவும் இல்லை.

வான்வழி:

மிக்க நன்றி, மூவருக்கும். பல்சக்கரம் ஐயா, ஒரு சிறிய ஐயம். அப்படியானால் ரஷ்யர்கள் அந்தக் கியர்பாக்ஸ் அறிவைச் சீனாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்களா, அல்லது பாகத்தைச் செய்து கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்களா? முன்பு எம்ஐ-4-க்கு நடந்ததுபோல முழு உரிமம் என்று எங்கும் சொல்லப்படவில்லையே?

பல்சக்கரம்:

சரியாகப் பிடித்தீர்கள். இது உரிமம் அன்று. வெளியிடப்பட்ட ஏற்பாட்டின்படி இந்தத் திட்டத்துக்குச் சீனாவே உரிமையாளர். வடிவமைப்பு, மாதிரிகள், சான்று பெறுதல், தொடர் உற்பத்தி எல்லாம் அவர்கள் பக்கம். ரஷ்ய ஹெலிகாப்டர் நிறுவனம் தொழில்நுட்ப முன்மொழிவுகளைத் தருவதோடு, குறிப்பிட்ட சில அமைப்புகளை ஒப்பந்த முறையில் உருவாக்கித் தர வேண்டும். அவை எவை என்று பாருங்கள்: விசை கடத்தும் அமைப்பு, வால் சுழலி, பனி உறையாமல் காக்கும் அமைப்பு. அறிவிக்கப்பட்ட இலக்கு சுமார் 38 டன் புறப்பாட்டு எடை, உள்ளே 10 டன் அல்லது வெளியே தொங்கவிட்டு 15 டன். அதாவது எம்ஐ-26-ஐவிடச் சிறியது, இசட்-8-ஐவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. கற்றுக்கொடுப்பார்களா என்றால், என் அனுபவத்தில் கியர்பாக்ஸ் செய்பவர் பாகத்தை விற்பார், பழுதுபார்க்கும் கையேட்டையும் விற்பார்; பற்களின் திருத்த அளவுகளை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்வார்.

நுனிவேகம்:

ஒன்றைச் சேர்க்க வேண்டும். பலரும் இதைச் சீன-ரஷ்யக் கூட்டாகவே பேசுகிறார்கள். ஆனால் டி-136 எஞ்சின் தயாரானது உக்ரைனின் சாப்பரோஷியாவில். 2014-க்குப் பிறகு அங்கிருந்து ரஷ்யாவுக்கு வரும் வழி அடைபட்டது. அந்த எஞ்சினைக் கட்டும் மோட்டார் சீச் ஆலையின் பங்குகளை ஒரு சீன நிறுவனம் வாங்க முயன்றது. உக்ரைன் 2021-இல் அதைத் தடுத்து, ஆலையை அரசுடைமையாக்குவதாக அறிவித்தது. எனவே கியர்பாக்ஸுக்கு மாஸ்கோவை நம்பலாம் என்றாலும், அதைச் சுழற்றப்போகும் எஞ்சினுக்கு யாரை நம்புவது என்பது தனிக் கணக்கு. ஏசி352-இல் சாஃப்ரானோடு சேர்ந்து எஞ்சினைப் பாதியாவது தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட சீனா, இங்கும் அதையே செய்யப் பார்க்கும் என்பது என் ஊகம். ஆனால் 2,000 குதிரைத்திறன் எஞ்சினும் 10,000 குதிரைத்திறன் எஞ்சினும் ஒரே வித்தையன்று.