திருகோணமலையில் இருந்துகொண்டு பிளாக்செயின் ப்ரீலான்ஸ் சரிவருமா?

உவர்மலைப்பொடியன்:
மூன்று வருடமாக வேர்ட்பிரஸ் தளம் செய்து கொடுக்கிறேன், கூடுதலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்க கெஸ்ட் ஹவுஸ்களுக்கு. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. இப்போது வெளிநாட்டு ப்ரீலான்ஸ் தளங்களில் பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரேமாதிரி இருக்கும் பதிவேடு) தானாக ஓடும் ஸ்மார்ட் கொன்ட்ராக்ட், அதை எழுதும் சொலிடிட்டி மொழி, ஃபைல்களைப் பல மெசின்களில் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ் என்று கேட்கிறார்கள், மணித்தியாலக் கூலியும் நான் வாங்குவதைப்போல மூன்று மடங்கு. ஆறு மாதம் மினக்கெட்டுப் படித்தால் பிடிக்கலாமா? காசு கிரிப்டோவில்தான் தருவார்களாம், அதுவும் ஒரு யோசனை.

கடற்காற்று:
தம்பி, ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு சொலிடிட்டி இரண்டு கிழமையில் வாசிக்க வரும். கஷ்டம் அதில் இல்லை. வேர்ட்பிரஸில் பிழை விட்டால் இரவோடிரவாகத் திருத்தலாம், செயினில் ஏற்றின கொன்ட்ராக்டை அப்படித் தொட ஏலாது. 2016 ஜூனில், எதீரியம் என்ற பிளாக்செயினில் ஓடின ‘த டாவோ’ என்ற முதலீட்டு நிதிக்கு நடந்ததைத் தேடி வாசியுங்கள். காசை அனுப்பிவிட்டுப் பிறகுதான் கணக்கில் கழிக்கும்படி எழுதியிருந்தார்கள், கழிக்க முந்தித் திரும்பத் திரும்பக் கேட்டு 36 இலட்சம் ஈதர் (எதீரியத்தின் கொயின்) வரை உருவிவிட்டார்கள். கோட் வரிகளின் முன்பின் மாறினதுதான் பிழை, அதைச் சரிக்கட்டப்போய் எதீரியமே இரண்டாகப் பிரிந்தது. இப்படியான பிழையை ஏற்ற முந்தியே கண்டுபிடிக்கிற ஆளுக்குத்தான் நீங்கள் சொல்லும் கூலி. எதர்நோட் என்ற பயிற்சி விளையாட்டு இலவசம், அதை முடித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

நிலாவெளி அக்கா:
படிப்பதெல்லாம் சரி, முதலில் கிரிப்டோக் காசின் சாவி இருக்கும் வோலட்டைப் பத்திரமாக வையுங்கோ. போன மார்கழியில் எனக்கு ஒருவர் வேலை தருவதாகப் பேசி, ‘சின்னப் பரீட்சை’ என்று கோட் தொகுப்பு ஒன்று அனுப்பினார். பேச்சு அவ்வளவு மரியாதை. நானும் யோசிக்காமல் அதற்கு வேண்டிய பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டோல் கட்டளையை அடித்தேன். பேக்கேஜ் ஜேசன் ஃபைலில், இன்ஸ்டோல் முடிந்ததும் தானாக ஒரு நிரலை ஓட்டும் போஸ்ட்இன்ஸ்டோல் என்று ஒரு வரி கிடந்ததைப் பிறகுதான் கண்டேன், அதற்குள் பிரௌசரில் இருந்த வோலட் காலி. 140 டொலர்தான், ஆனாலும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தெரியாத கோடை, கணினிக்குள் தனியாக ஓடும் வேர்ச்சுவல் மெசினுக்கு வெளியே ஓட்டாதீர்கள்.

காசு விஷயம்: மத்திய வங்கி கிரிப்டோவை நாணயமாக ஏற்கவில்லை, கார்டால் வாங்கவும் அனுமதி இல்லை. டொலராக வங்கிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ, மாட்டோம் என்றால் அந்த வேலை வேண்டாம். வெளிநாட்டுச் சேவை வருமானம் அப்படி வங்கி வழியாக வந்தால், 2025 ஏப்ரலில் இருந்து வரி உச்சம் 15 வீதம்.

அலஸ்தோட்டம்_07:
பரவலாக்கிய, அதாவது ஒரே கம்பனியின் கையில் இல்லாத, இணையம் என்றதும் எல்லோரும் ஏன் செயினுக்கே ஓடுகிறீர்கள்? மஸ்டடோன் என்ற சமூக வலைத்தளம் ஓடுவது அக்டிவிட்டிபப்பில், அது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறை, அதில் காசும் இல்லை கொயினும் இல்லை. சேர்வரைப் பார்த்துக்கொள்ள, பேக்கப் எடுக்க ஆள் வேண்டும், அது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். வேர்ட்பிரஸுக்கே அக்டிவிட்டிபப் பிளகின் இருக்கிறது, அதில் இருந்து தொடங்கலாமே. கூலி குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். ஐபிஎஃப்எஸ் என்றால், போட்ட படம் காலத்துக்கும் கிடக்கும் என்று நம்புகிற வாடிக்கையாளர்கள்தான் அதிகம். யாராவது ஒரு மெசினில் அழியாமல் பிடித்து (பின் பண்ணி) வைத்திருக்கும் வரைதான் அது கிடக்கும், இதை விளக்குவதே பாதி வேலை.

உவர்மலைப்பொடியன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, நேற்று எனக்கும் ஒருவர் ‘சின்னப் பரீட்சை’ அனுப்பியிருக்கிறார். ஓட்டவில்லை. இப்போதுதான் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன போஸ்ட்இன்ஸ்டோல் வரி இருக்கிறது.