தறிக்குடோனில் கேட்ட இந்தோளம்

பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கின் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ ஆல்பத்தை நான் முழுசாகக் கேட்டது சோமனூரில், எங்கள் தறிக்குடோனில், ஒரு ராத்திரி ஷிப்டில்.

அதற்கு முன்பே விமர்சனங்களை நிறையப் படித்திருந்தேன். 1982-ல் பம்பாயில் பதிவான ஆல்பம். அப்போது கேட்க ஆளில்லை. 2010-ல் நெதர்லாந்தில் மறுபடி வெளியிட்டதும் ஒரே பேச்சு: ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையை முதலில் செய்தவர் இவர்தானா? அந்தப் பாணிக்குத் தொடக்கம் என்று சொல்லப்படும் சிகாகோ இசைத்தட்டே 1987-ல்தான் வந்தது. அதில் கேட்கும், கீழ்ஸ்தாயி (பேஸ்) வாசிக்கிற அதே ரோலண்ட் டிபி-303 மெஷினில் ஐந்து வருஷம் முன்னால் ஒருவர் இப்படிச் செய்திருக்க முடியுமா, இது புரளி என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நானும் அந்த ஆச்சரியத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் கேட்க உட்கார்ந்தேன்.

கரண்ட் போயிருந்தது. தறியெல்லாம் நின்று காது ஙொய்யென்றது. பாவு பிணைக்க வந்த பெரியவர் மட்டும் போன் வெளிச்சத்தில், விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு இழை முடிந்துகொண்டிருந்தார். வயசுக் காலத்தில் கோயில் நோம்பிகளில் நாதஸ்வரம் வாசித்தவர். சின்ன ஸ்பீக்கரில் ஏழெட்டுப் பாட்டு ஓடியிருக்கும். மால்கௌன்ஸ் ராகம் வந்ததும் அவர் கை நின்றது.

“இது இந்தோளமுங்க தம்பி. ஆரு வாசிக்கறது?”

“மெஷினுங்க.”

“மெஷினுக்கு என்னங்க தெரியும்? அந்த வழுக்கற எடத்தைக் கேளுங்க. அது ஆரோ நெனச்சு வெச்சது.”

அவர் சொன்னது சரி. வடக்கே மால்கௌன்ஸ் என்பதுதான் இங்கே இந்தோளம். வழுக்கலும் அப்படித்தான். 303-ல் எந்த ஸ்வரம் அடுத்ததற்கு வழுக்கிப் போக வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். ரோலண்ட் அதைச் செய்தது தனியாகப் பழகும் கிடார்காரருக்குப் பேஸ் துணையாக இருக்கட்டும் என்று. அதில் ராகத்தின் இழுவையைக் கொண்டுவரலாம் என்று தோன்றியது, சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் காலம் காலமாக வாசித்த இந்த மனிதருக்கு!

நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை யார் முந்தி என்ற கணக்கிலேயே நின்றுவிட்டன. பாராட்டுத்தான், ஆனால் ஆல்பத்தைச் சிகாகோவுக்கு முன்னுரையாக ஆக்கிவிட்ட பாராட்டு. ரி, ப இல்லாத அந்த ராகம் விடாத டிஸ்கோ அடியின் மேல் எப்படி உட்கார்கிறது என்று யாராவது நாலு வரி எழுதியிருக்கலாம். சரண்ஜித் சிங் 2015-ல் இறந்துவிட்டார். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்று எனக்கு இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

விடிந்து கிளம்பும்போது பெரியவர் தன் போனை நீட்டி, அந்த இந்தோளத்தை ஏற்றித் தரச் சொன்னார். பத்தையும் ஏற்றிக் கொடுத்தேன்.