17-ஆல் பெருக்கினால் வரிசையாக 9 வர வேண்டும், வரவில்லை. எங்கே தப்பு?

மைப்பேனா: வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட 0588235294117647 என்ற எண்ணை எடுத்தேன். 1-ஐ 17-ஆல் வகுத்தால் புள்ளிக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும் 16 இலக்கங்கள் இவை. 1-ஐ 7-ஆல் வகுத்தால் வரும் 142857 மாதிரிதான். 1 முதல் 16 வரை எதால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள் அதே வரிசையில் சுற்றி வர வேண்டும். 17-ஆல் பெருக்கினால் பதினாறு 9.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் முன்னால் உள்ள 0 காணாமல் போகிறது. சரி, போகட்டும். 2-ஆல் பெருக்கினால் 1176470588235290 என்கிறது. கடைசியில் 4 வரணுமே! 17-ஆல் பெருக்கினால் 1 போட்டுப் பதினாறு 0. கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்கிப் பார்த்தேன். 0 நிற்கிறது, பெருக்கினால் பழைய கதைதான். வெள்ளிக்கிழமை வகுப்பு. யாராவது உதவுங்கள்.

அரைப்படி: எண்ணில் தப்பில்லை டீச்சர். ஸ்ப்ரெட்ஷீட் 15 இலக்கம் வரைதான் சரியாகக் காட்டும், பதினாறாவதை 0 ஆக்கிவிடும். 17-இல் நடப்பது இன்னும் வேடிக்கை. உள்ளே எண்ணுக்குக் கிடைக்கும் இடம் 53 பிட், அதாவது 0 அல்லது 1 எழுத 53 இடம். 2-இன் 53-ஆம் அடுக்கான 9007199254740992-ஐத் தாண்டினால் ஒற்றைப்படை எண்ணுக்கே அங்கே இடம் கிடையாது. பதினாறு 9 ஒற்றைப்படை, அதனால் பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளிவிட்டது. அதுதான் நீங்கள் பார்த்த நூறு கோடி கோடி. பைத்தான் என்ற நிரல்மொழியில் போடுங்கள், முழு எண் எவ்வளவு நீளம் என்றாலும் சரியாக வரும்.

மைப்பேனா: பள்ளிக் கணினியில் பைத்தான் இல்லை, புதிதாக எதையும் ஏற்றவும் விடமாட்டார்கள்.

கொசுறு: அப்படியென்றால் எண்ணை இரண்டாக வெட்டுங்கள். இடது கட்டத்தில் 05882352, வலது கட்டத்தில் 94117647. இரண்டையும் தனித்தனியாகப் பெருக்குங்கள். வலதில் எட்டு இலக்கத்துக்கு மேல் வழிவதை இடதில் கூட்டுங்கள், நாம் கையால் போடும் மீதிதான். 3-க்குப் பாருங்கள்: வலது 282352941, அதில் 2 மீதி போய் நிற்பது 82352941. இடது 17647056, அதோடு 2 சேர்ந்தால் 17647058. ஒட்டினால் 1764705882352941. கட்டங்களை எட்டு இலக்கம் காட்டும்படி அமைத்துவிட்டால் முன்னால் உள்ள 0 ஓடாது.

வெட்டின கையோடு அந்த இரண்டு பாதியையும் கூட்டிப் பாருங்கள். 99999999! மிடி என்ற பிரெஞ்சுக்காரர் 1836-லேயே எழுதிவைத்த சங்கதி. எனக்கென்னவோ பெருக்கல் வித்தையைவிட இதுதான் பிடிக்கும்.

மைப்பேனா: வந்துவிட்டது! 16-ஆல் பெருக்கினால் 9411764705882352, இரண்டு பாதியும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. 17-க்குப் பதினாறு 9-உம் வந்தாயிற்று. ரொம்ப நன்றி. ஒன்று மட்டும்: 13-க்கும் இப்படி வருமா என்று எவனாவது கேட்பான்.

அரைப்படி: பாதிதான் வரும். 17-ஆல் வகுக்கும்போது 1 முதல் 16 வரை எல்லா மீதியும் ஒரு தடவை வந்துபோகும்; அதனால்தான் முழுச் சுற்று. 1-ஐ 13-ஆல் வகுத்தால் ஆறு மீதிதான். 076923-ஐ 3-ஆல் பெருக்கினால் 230769, அதே கூட்டம். 2-ஆல் பெருக்கினால் 153846, வேறு கூட்டம். மற்ற ஆறு மீதியும் அந்தக் கூட்டத்தில் இருக்கும், அதை அவனையே தேடச் சொல்லுங்கள்.