பழைய பதிவேடு காணோம், விருது விண்ணப்பம் நிற்கிறது

வணக்கமுங்க. ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் இந்த ஜூனில்தான் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலராகப் பொறுப்பேற்றேன். பல்கலைக்கழகத்தின் சிறந்த தன்னார்வலர் விருதுக்கு எங்கள் மாணவி ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, 7 நாள் சிறப்பு முகாம், இரண்டுக்கும் சான்று கேட்கிறார்கள். 2024-25 பதிவேடு பத்திரமாக இருக்கிறது. 2023-24 பதிவேடு மட்டும் துறை அலுவலகம் இடம் மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

பீரோ, ஸ்டோர் ரூம், பழைய பேப்பர்க் கட்டு எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாச்சு. முன்பு பொறுப்பில் இருந்த ஐயாவிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன். அசல் பதிவேடு இல்லாமல் ஏற்க முடியாது என்கிறார்கள். முகாம் நடந்த ஊராட்சியின் கடிதம் இருக்கிறது, அதில் மணிக்கணக்கு இல்லை. வாட்ஸ்அப் படங்களில் தேதி இல்லை.

அப்புறம், அந்தப் பிள்ளையின் நோட்டு ஒன்று இருக்கிறது. காலிங்கராயன் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளிய நாட்களில் யாருக்கு மண்வெட்டி, யாருக்கு அரிவாள், யார் காய்ச்சலில் வரவில்லை, எத்தனை மணிக்குக் கரையேறினார்கள் என்று தினமும் எழுதி, ஐயாவிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறது. பதிவேட்டில்கூட இவ்வளவு விவரம் இருந்திருக்காது! ஆனால் அது சொந்த நோட்டாம், செல்லாதாம்.

கடைசி நாள் இந்த மாதம் 30.

பதிவேடு இல்லாத ஆண்டுக்கு மாற்று ஆவணம் கொடுத்து ஏற்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், என்ன ஆவணம், யார் கையெழுத்தில் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்களேன்?