கடலைக்காட்டுக் காவலுக்கு வளர்ந்த நாய் வேணும்

வணக்கம் உறவுகளே. உசிலம்பட்டி பக்கம் 2 ஏக்கர்ல ஆடிப்பட்டத்துக்குக் கடலை போட்டிருக்கேன். விடியுமுன்னே மயில் கூட்டமா இறங்கி, முளைச்சு வர்ற கடலையைச் சால் சாலா கிளறிக் கொத்திப் போட்டுருது. காவலுக்கு இருந்த எங்க மணி வயசாகி சித்திரையில போயிட்டான். அவன் படுத்துக் கிடந்த வேப்பமரத்தடியில மண்ணு இன்னும் குழியாவே இருக்கு.

குட்டி வேண்டாம், பழக்கி எடுக்குறதுக்குள்ள வெள்ளாமை போயிரும். 2, 3 வயசுல சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், நாட்டு நாய் எதுவானாலும் சரி. ஆனா விரட்டணும், கடிக்கக் கூடாது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பணும். மயில் 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவை, முருகன் வாகனம் வேற. முயல் வேட்டைக்குப் பழகின நாய் அதனாலதான் எனக்கு ஆகாது. ஓடுறதைக் கண்டா கவ்விரும்.

முழு வெள்ளை ராஜபாளையத்துல சிலதுக்குக் காது கேக்காது. நேர்ல வந்து, பின்னாடி நின்னு கைதட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சீட்டு இருந்தா நல்லது. கட்டியே போட்டு வதைக்க மாட்டேன், மணியை வச்சிருந்த மாதிரியே வச்சுக்குவேன். வெளியூர் போறவங்க, வளக்க முடியாதவங்க யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி எங்கன்னாலும் வண்டி எடுத்துட்டு வந்துருவேன்.