கரண்ட் வைக்கப் போகிறவர்கள் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா?

காவிரிக்கரை:
வணக்கம். வயது 44, திருச்சி. இடது மார்பகத்தில் புற்றுநோய். கீமோ முடிந்துவிட்டது, அடுத்த மாதம் மார்பகத்தை முழுதாக எடுக்கிறார்கள். அக்குள் வரை பரவியிருந்ததால் அதன் பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பது உறுதி. பிளாஸ்டிக் சர்ஜன் அதே ஆபரேஷனில் எக்ஸ்பாண்டர் (சலைன் ஏற்றித் தோலை மெல்ல விரிக்கும் தற்காலிகப் பை) வைத்து, பிறகு சிலிக்கான் இம்ப்ளான்ட்டாக (மார்பக வடிவம் தரும் செயற்கைப் பை) மாற்றிவிடலாம் என்கிறார். கரண்ட் டாக்டரோ "வைத்தால் இறுகிப்போக வாய்ப்பு அதிகம்" என்கிறார். இறுகுவது என்றால் என்ன? வீட்டில் எல்லாரும் "உயிர் பிழைத்தால் போதாதா" என்கிறார்கள். எனக்குப் போதவில்லை. ஜாக்கெட் கொக்கி போடும்போது ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கப்போவதை நினைத்தாலே அழுகை வருகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகை அக்கா:
தங்கச்சி, நீ ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. வீட்டில் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

நான் இம்ப்ளான்ட் வைத்து, அதன் மேலேயே கரண்ட் வாங்கியவள். இம்ப்ளான்ட் உள்ளே போனதும் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றைக் கட்டும். எல்லாருக்கும் நடப்பதுதான். கதிர் பட்ட இடத்தில் அந்தச் சவ்வு தடித்துச் சுருங்கி இம்ப்ளான்ட்டை நெருக்கும். டாக்டர் இறுகும் என்றது இதைத்தான். உடனே தெரியாது. தோல் கருத்து உரிந்ததெல்லாம் சில வாரங்களில் ஆறிவிட்டது, நானும் நிம்மதியாக இருந்தேன். பல மாதம் கழித்து, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபோது மார்பு மொத்தமும் மேலே இழுத்தது. அப்புறம் குப்புறப் படுக்க முடியவில்லை. தொட்டால் பழுக்காத கொய்யாக்காய் மாதிரி கெட்டி. மார்கழிக் காலையில் அந்தப் பக்கம் மட்டும் சில்லென்று இருக்கும்.

இறுக்கத்தை 4 நிலையாகப் பிரிக்கிறார்கள். வலியும் வந்துவிட்டால் நான்காவது. எனக்கு அதுதான். இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் பொருத்தினார்கள். பெரிய ஆபரேஷன், இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தையல். ஆனால் இன்று அது மெத்தென்று, உடம்புச் சூட்டோடு இருக்கிறது.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. என்னோடு கரண்ட் வாங்கிய டீச்சர் ஒருவருக்கு இம்ப்ளான்ட் கொஞ்சம் மேலேறியதோடு சரி, நன்றாகவே இருக்கிறார். ஆனாலும் கரண்ட் உறுதி என்றால் என் மனசுக்குப் படுவது இது: இப்போது எக்ஸ்பாண்டர் மட்டும் வைத்துத் தோலைக் காப்பாற்றிக்கொண்டு, கரண்ட் முடிந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆறவிட்டு, பிறகு சொந்தச் சதையில் செய்ய முடியுமா என்று கேள். இரண்டு டாக்டர்களும் ஆபரேஷனுக்கு முன்பே பேசிக்கொள்ளட்டும். புண் ஆறாமலோ சீழ் பிடித்தோ கரண்ட் தள்ளிப்போகக் கூடாது, அதுதான் முக்கியம்.

கதிர்அறை:
ரேடியோதெரபி டெக்னீஷியனாக இருக்கிறேன். அக்கா சொன்னதோடு சில விஷயங்கள். எக்ஸ்பாண்டரில் சலைன் ஏற்றுவதை, கதிர் கொடுப்பதைத் திட்டமிட எடுக்கும் பிளானிங் ஸ்கேனுக்கு முன்பே முடித்துவிட்டால் நல்லது; நடுவில் அளவு மாறினால் பிளானும் மாற வேண்டும். எக்ஸ்பாண்டரில் சலைன் ஊசி குத்தும் இடத்தில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எக்ஸ்பாண்டர் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இடது பக்கம் என்பதால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கதிர் கொடுப்பார்களா என்று கேளுங்கள், இதயம் கொஞ்சம் விலகும். 25 நாளா, 15 நாளா என்பதை டாக்டர் முடிவு செய்வார். எதுவானாலும் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும். ஆகவே ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னதும் தோள் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

மல்லிப்பூ:
நான் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பிராவுக்குள் சிலிக்கான் பேட். வாங்கும்போது எடையைப் பாருங்கள். லேசாக இருந்தால் புடவைக்குள் மேலே ஏறிவிடும்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, எனக்கு இரண்டும் சிசேரியன், சர்க்கரையும் உண்டு. வயிற்றிலிருந்து எடுப்பார்களா?

வைகை அக்கா:
சிசேரியன் தழும்பு இருப்பதாலேயே முடியாது என்று ஆகிவிடாது. வயிற்று ரத்தக்குழாய்களைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள், அதில் தெரிந்துவிடும். வயிறு சரிப்படாவிட்டால் முதுகுத் தசையிலிருந்து எடுக்கும் வழியும் உண்டு. சர்க்கரையை இப்போதிருந்தே கட்டுக்குள் கொண்டுவா. எந்த ஆபரேஷனானாலும் தையல் ஆற அது வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டை இரண்டு டாக்டரிடமும் காட்டு.