வழிமறிப்பு: வீழ்ந்து கிடந்தவர் மீது தவறு எப்படி?

கேள்வி: 2013 பேஸ்பால் உலகத் தொடரில் பாஸ்டனுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடந்த மூன்றாம் ஆட்டத்தின் பதிவை அண்மையில் பார்த்தேன். ஒன்பதாம் இன்னிங்ஸின் கடைசியில், தன்னைக் கடந்துபோன எறிபந்துக்காகப் பாய்ந்து தரையில் விழுந்த பாஸ்டனின் மூன்றாம் பேஸ் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நிலைகளில் மூன்றாவது) தடுப்பாளர் மிடில்புரூக்ஸின் மீது, செயின்ட் லூயிஸுக்காக ஓடிய ஆலன் கிரெய்க் தடுக்கி விழுந்தார். பின்னர் ஓட்டம் எடுக்கத் தொட வேண்டிய இறுதி நிலையான ஹோம் பிளேட்டில் பந்தால் தொடப்பட்ட பிறகும் (வழக்கமாக அது ஆட்டமிழப்பு) கிரெய்க்கின் ஓட்டம் செல்லும் என்று அறிவிக்கப்பட்டு, ஆட்டம் 5-4 என செயின்ட் லூயிஸின் வெற்றியாக முடிந்தது. வேண்டுமென்றே மறிக்காதவர் மீது குற்றம் சாட்டுவது எவ்வாறு நியாயமாகும்?

முதல் பதில்: விதி நோக்கத்தைக் கேட்பதே இல்லை. கையில் பந்து இல்லாமலும், பந்தைப் பிடிக்கும் முயற்சியில் இல்லாமலும் இருக்கும் தடுப்பாளர் ஓடுபவரின் வேகத்தைக் குறைத்தால் அது வழிமறிப்பு. பாய்ந்தும் பந்து தப்பிவிட்டால், அந்த நொடியிலேயே அவருடைய முயற்சி முடிந்துவிடுகிறது. அதன்பின் தரையில் கிடந்து ஓடுபவரைத் தாமதப்படுத்தினால் பெரும்பாலும் அது வழிமறிப்பே என்று விதிநூலின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. எழுந்து விலக அவருக்கு நேரமில்லை என்பது உண்மைதான், ஆனால் அதன் இழப்பை ஓடுபவர் ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டாம் பதில்: நடுவர் ஜிம் ஜாய்ஸ் ஆட்டத்தை உடனே நிறுத்தாததற்கும் காரணம் உண்டு. மறிக்கப்பட்டவரையே ஆட்டமிழக்கச் செய்யும் முயற்சி நடந்துகொண்டிருந்தால், உதாரணமாக இரு பேஸ்களுக்கு நடுவே அவரைச் சிக்கவைத்து விரட்டும்போது, பந்து அப்போதே செத்துவிடும், அதாவது ஆட்டம் அங்கேயே நிற்கும். அவர் கடைசியாகத் தொட்ட பேஸுக்கு அடுத்ததாவது அவருக்குக் கிடைக்கும். இங்கோ பந்து இடப்புறக் களத்துக்குள் ஓடிவிட்டிருந்தது. ஆகவே ஜாய்ஸ் வழிமறிப்பைச் சைகையால் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரவிட்டார். தடை இல்லாதிருந்தால் கிரெய்க் ஹோம் பிளேட்டைத் தொட்டிருப்பார் என்பதால் ஓட்டம் வழங்கப்பட்டது.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் மறிக்கப்பட்டவர் அச்சமின்றி எவ்வளவு தூரமும் ஓடலாமா?

இரண்டாம் பதில் எழுதியவர்: ஓடலாம், ஆனால் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. தடை இல்லாமல் அவர் எட்டியிருக்கக்கூடிய பேஸ் எது என்று நடுவர் மனத்துக்குள் முடிவு செய்துவிடுவார். அதைத் தாண்டிச் சென்று தொடப்பட்டால் ஆட்டமிழப்புதான். இடறியவுடன் மூன்றாம் பேஸுக்கே திரும்பாமல் கிரெய்க் ஓடியது துணிச்சல் என்றாலும், பந்து அவ்வளவு தொலைவு போயிருந்ததால் அந்தக் கணக்கு அவருக்குச் சாதகமாகவே இருந்தது.